ரெஸ்யூமை மெஷின் தள்ளிவிடுகிறதா?

கேள்வி: எனக்கு 32 வயது. மதுரை திருநகரில் இருக்கிறேன். பி.காம். (சி.ஏ.) முடித்துவிட்டு சிம்மக்கல்லில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருஷம் இருந்தேன். அப்புறம் 2017 ஜூன் முதல் 2022 மார்ச் வரை கப்பலூர் சிட்கோவில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். இரண்டாவது குழந்தை பிறந்தது, மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனது, வேலையை விட வேண்டியதாயிற்று. இப்போது ஆறு மாதமாக நௌக்ரியிலும் கம்பெனி வெப்சைட்டுகளிலும் அப்ளை பண்ணுகிறேன். ஒரு போன்கூட வரவில்லை. ஒரு கம்பெனியில் அப்ளை பண்ணி இரண்டே நிமிஷத்தில் ‘வருந்துகிறோம்’ என்று மெயில் வந்துவிட்டது. மனுஷர் யாரும் பார்ப்பதே இல்லை, மெஷின்தான் தள்ளிவிடுகிறது என்கிறார்கள். ரெஸ்யூமைக் கடையில் கொடுத்து நன்றாக டிசைன் பண்ணித்தான் வைத்திருக்கிறேன். வெள்ளை எழுத்தில் கீவேர்டு போட்டால் மெஷினைத் தாண்டிவிடலாம் என்று யூடியூபில் சொல்கிறார்கள். மூவாயிரம் ரூபாய் கொடுத்தால் ‘ஏ.டி.எஸ். ஸ்கோர் 100’ வருகிற மாதிரி ரெஸ்யூம் செய்து தருகிறேன் என்கிறார் ஒருவர். நடுவில் விழுந்த இடைவெளிக்கு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார் இன்னொருவர். அண்ணன் ஹார்டுவேர் கடைக்கு மாசா மாசம் ஜி.எஸ்.டி. போட்டுக் கொடுப்பதைத் தவிர எனக்கு இப்போது வேலை எதுவும் இல்லை. ரெஸ்யூமும் ஸ்கிரீன்ஷாட்டும் இணைத்திருக்கிறேன். நான் என்ன செய்யட்டும்? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த இரண்டு நிமிஷ மெயிலை முதலில் பார்த்துவிடுவோம். உங்களை அதிகம் வருத்தியது அதுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. அவ்வளவு சீக்கிரம் வந்த பதில், பெரும்பாலும் ரெஸ்யூமைப் படித்துவிட்டுச் சொன்ன பதிலாக இருக்காது. அப்ளை பண்ணும்போது வரிசையாகச் சில கேள்விகள் கேட்டிருப்பார்கள். மொத்த அனுபவம் எவ்வளவு, நைட் ஷிப்ட் சம்மதமா, வெளியூர் வருவீர்களா, எதிர்பார்க்கும் சம்பளம் என்ன, இப்படி. இதில் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று ஆள் எடுப்பவர் முன்கூட்டியே குறித்து வைக்க முடியும். மெஷின் தானாகத் தள்ளுவது என்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ‘மொத்த அனுபவம்’ என்ற கட்டத்தில் பூஜ்யம் இருக்கிறது. ‘இப்போது வேலையில் இல்லையே, அதனால் 0 போட்டேன்’ என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு எனக்கு மனசே ஆறவில்லை. ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருஷம், கப்பலூரில் நான்கு வருஷம் பத்து மாதம். ஏறக்குறைய ஏழு வருஷம் கணக்கு எழுதியவர் அத்தனையையும் தன் கையாலேயே அழித்துவிட்டு அப்ளை பண்ணியிருக்கிறீர்கள். அந்தக் கட்டம் கேட்பது இன்றைய நிலைமையை அல்ல. இதுவரை பார்த்த வேலை எல்லாம் சேர்ந்த மொத்தத்தை. 6 வருஷம் 10 மாதம் என்று போடுங்கள். முழு எண் மட்டும்தான் ஏற்கும் என்றால் 6. சம்பளம் கேட்கிற கட்டத்தில் கடைசியாக வாங்கிய தொகையை எழுதி, விளக்கம் எழுத இடமிருந்தால் ‘மார்ச் 2022-ல் வாங்கியது’ என்று சேர்த்துவிடுங்கள். நோட்டீஸ் பீரியட் கேட்டால் ‘உடனே சேரலாம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேலையில் இருப்பவர்கள் பலரும் இரண்டு மாதம், மூன்று மாதம் நோட்டீஸ் சொல்லும்போது, உடனே வரக்கூடியவர் என்பது உங்களுக்குப் பெரிய பலம். பெரிய கம்பெனிகளில் கணக்குக்கு வைத்திருக்கும் எஸ்.ஏ.பி. சாஃப்ட்வேர் தெரியுமா என்று கேட்டால் மட்டும் தெரியாது என்றே போடுங்கள். அதில் பொய் சொல்லி உள்ளே போனாலும் முதல் இன்டர்வியூவில் ஐந்தாவது நிமிஷம் தெரிந்துவிடும்.

சரி, இப்போது அந்த மெஷினுக்கு வருவோம். ஏ.டி.எஸ். என்று எல்லோரும் சொல்வது, வந்து குவியும் விண்ணப்பங்களை வாங்கிப் பிரித்து அடுக்கி வைக்கும் சாஃப்ட்வேர். ஒர்க்டே, ஆரக்கிள் டாலியோ, எஸ்.ஏ.பி. சக்ஸஸ்ஃபேக்டர்ஸ், கிரீன்ஹவுஸ் என்று பல இருக்கின்றன. நம் தமிழ்நாட்டு ஸோஹோவும் ‘ஸோஹோ ரெக்ரூட்’ என்று ஒன்று வைத்திருக்கிறது. உங்கள் ஃபைல் போய்ச் சேர்ந்ததும் அதிலிருந்து வெறும் எழுத்துகளை மட்டும் உருவி எடுக்கும். பெயர், போன், படிப்பு, வேலை, ஸ்கில் என்று தனித்தனிக் கட்டங்களில் போடப் பார்க்கும். அதன்பின் ஆள் எடுப்பவர் ‘அக்கவுண்ட்ஸ் பேயபிள்’, ‘ஜி.எஸ்.டி.’, ‘மதுரை’ என்று தேடுவார். அல்லது வேலை விவரத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்த்து சாஃப்ட்வேரே வரிசைப்படுத்திக் காட்டும். புதிதாக வருபவை சொல்லை மட்டும் பார்க்காமல் பொருளையும் ஓரளவு பிடிக்கின்றன. நூற்றுக்கு எழுபத்தைந்து ரெஸ்யூமை மெஷினே தூக்கிப் போட்டுவிடுகிறது என்று ஒரு கணக்கு பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் நம்பும்படியான ஆய்வு எதுவும் கிடையாது. பல வருஷமாக ஆள் எடுக்கும் பக்கத்தில் இருந்து நான் பார்த்தது வேறு. ரெஸ்யூம் அங்கேதான் கிடக்கும். தேடுகிறவரின் கண்ணில் படாத இடத்தில் கிடக்கும். அவர் முதல் பக்கத்தில் வந்தவர்களில் ஐந்தாறு பேருக்குப் போன் போட்டு வேலையை முடித்துவிடுவார்.

உங்கள் ரெஸ்யூம் ஏன் கண்ணில் படவில்லை என்று பார்க்க நான் செய்தது மிகச் சின்னக் காரியம். அந்த பி.டி.எஃப்.பைத் திறந்து, எல்லாவற்றையும் செலக்ட் பண்ணி, காப்பி எடுத்து, நோட்பேடில் ஒட்டினேன். சாஃப்ட்வேருக்குக் கிடைப்பது ஏறக்குறைய இதுதான். மேலே நீலப் பட்டையில் அழகாக இருந்த உங்கள் பெயரும் போன் நம்பரும் அங்கே இல்லவே இல்லை. கடைக்காரர் அந்தப் பட்டையைப் படமாகச் செய்து ஒட்டியிருக்கிறார். இடதுபக்கக் கட்டமும் வலதுபக்கக் கட்டமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ‘ஜூன் 2017 டேலி அசிஸ்டென்ட் அக்கவுண்டன்ட் தமிழ் ஆங்கிலம் கப்பலூர் சமையல்’ என்று ஒரே வரியாக வந்தது. எக்செல் பக்கத்தில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போட்டிருந்தீர்கள். அதில் ஒன்றுகூட வரவில்லை. ஆள் எடுப்பவர் உங்களைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தாலும் எந்த நம்பருக்குக் கூப்பிடுவார்? ஆறு மாதம் போன் வராததற்கு இது ஒன்றே போதும்.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். டி.டி.பி. கடைகளில் கல்யாணப் பத்திரிகையும் பிளெக்ஸும் அடிக்கிற கையோடு கோரல்டிராவிலேயே ரெஸ்யூமும் செய்து தருகிறார்கள். ஃபான்ட் மாறிவிடக் கூடாது என்று எழுத்தையெல்லாம் ‘கர்வ்’ ஆக மாற்றிவிடுவது அங்கே வழக்கம். பிரின்ட் போட அது சரியான முறை. ஆனால் அப்படி மாற்றியபின் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது கோடுகளால் ஆன படம். ஓர் எழுத்துகூட அதில் இருக்காது. பிரின்டை ஸ்கேன் செய்து அனுப்புவதும் அதே கதிதான். கேன்வாவில் செய்தாலும் டவுன்லோடு பண்ணும்போது ‘ஃபிளாட்டன்’ என்பதை டிக் பண்ணினால் எல்லாம் படமாகிவிடும். படத்திலிருந்து எழுத்தைப் பிடிக்கிற சாஃப்ட்வேரும் உண்டுதான். எந்தக் கம்பெனியில் அது இருக்கிறது என்று நமக்குத் தெரியாதபோது அதை நம்பி அனுப்பக் கூடாது.

ஆகவே அந்த ஃபைலை விட்டுவிடுங்கள். வேர்டில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இடது கட்டம் வலது கட்டம் என்று பிரிக்காமல் மேலிருந்து கீழே நேராக, நீங்களே டைப் பண்ணுங்கள். ஏழு வருஷ அனுபவத்துக்கு இரண்டு பக்கம் தாராளம். டேபிள் வேண்டாம், டெக்ஸ்ட் பாக்ஸ் வேண்டாம், போன் படம் மெயில் படம் வேண்டாம். பெயரையும் நம்பரையும் ஹெடர் பகுதிக்குள் வைக்காமல் பக்கத்தின் முதல் வரியாகவே வையுங்கள். சில பழைய சாஃப்ட்வேர்கள் ஹெடர், ஃபுட்டரைப் படிக்காமல் தாண்டிவிடும். தலைப்புகளில் புதுமை வேண்டாம். ‘என் பயணம்’ என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறீர்கள். அது வேலை அனுபவம் என்று சாஃப்ட்வேருக்குப் புரிய வேண்டிய அவசியம் இல்லை. ‘ஒர்க் எக்ஸ்பீரியன்ஸ்’, ‘எஜுகேஷன்’, ‘ஸ்கில்ஸ்’ என்று எல்லோரும் எழுதுவதையே எழுதுங்கள். தேதிகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, மாதமும் வருஷமுமாக இருக்கட்டும். ஓரிடத்தில் ‘2015-17’, இன்னோரிடத்தில் ‘06/2017’ என்று இருந்தால் அனுபவத்தைக் கூட்டும்போது தப்பாகிவிடும். விளம்பரத்தில் எந்த வகை ஃபைல் கேட்டிருக்கிறார்களோ அதை அனுப்புங்கள். எதுவும் சொல்லவில்லை என்றால் வேர்டு ஃபைலோ, வேர்டிலிருந்தே பி.டி.எஃப்.பாக சேவ் பண்ணியதோ போதும். அனுப்புமுன் மறுபடி அந்த நோட்பேடு சோதனை. அதில் வரிசையாகப் படிக்க வந்தால் சாஃப்ட்வேருக்கும் வரும்.

கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர், மதம், சாதி, திருமணம் ஆனவர், ரத்த வகை, போட்டோ, ‘மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதி கூறுகிறேன்’, இடம், தேதி, கையெழுத்து என்று முழுசாக ஒரு பயோடேட்டா இருக்கிறது. அத்தனையும் எடுத்துவிடலாம். இதில் எதுவும் அக்கவுண்ட்ஸ் வேலைக்குத் தேவையில்லை. சாதியும் மதமும் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே வேண்டியதில்லை என்பதில் நான் மிகப் பிடிவாதமாக இருக்கிறேன். முழு வீட்டு முகவரியும் வேண்டாம். ‘திருநகர், மதுரை’ என்று இருந்தால் போதும். ஊர் பெயர் வைத்துத் தேடுவார்கள், அதனால் ‘மதுரை’ கட்டாயம் இருக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ரெஸ்யூமில் இனிஷியல் முன்னால், நௌக்ரியில் இனிஷியலே இல்லை, கம்பெனி ஃபாரத்தில் ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம் என்றதால் கணவர் பெயர். உங்கள் ஸ்கிரீன்ஷாட்டுகளை வைத்துப் பார்த்தால் நீங்கள் மூன்று வேறு ஆட்களாக இருக்கிறீர்கள். டிகிரி சர்டிபிகேட்டிலும் பான் கார்டிலும் என்ன இருக்கிறதோ அதை ஒட்டி ஒரே வடிவத்தை முடிவு பண்ணுங்கள். பெயர் முதலில், இனிஷியல் பின்னால் என்று வைத்தால் ஃபாரத்தில் லாஸ்ட் நேமுக்கு அந்த இனிஷியலையோ அதன் விரிவையோ போட்டுவிடலாம். எங்கே போனாலும் அதே பெயர்.

இன்னொன்று, நம் பக்கத்துப் படிப்புக்கே உரியது. ‘பி.காம். (சி.ஏ.)’ என்று எழுதியிருக்கிறீர்கள், மதுரையில் யாரைக் கேட்டாலும் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் என்று தெரியும். மும்பையிலோ குர்கானிலோ இருந்துகொண்டு ஆள் தேடுபவருக்கு சி.ஏ. என்றால் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். ஆடிட்டர் வேலைக்கான தேடலில் உங்கள் பெயர் வந்து நிற்கும், திறந்து பார்த்தவர் எரிச்சலோடு மூடுவார். ‘பேச்சலர் ஆஃப் காமர்ஸ், கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்’ என்று விரித்து எழுதுங்கள். எம்.கே.யூ. என்பதையும் மதுரை காமராஜ் பல்கலைக்கழகம் என்று முழுசாக.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். உங்கள் ரெஸ்யூமில் கப்பலூர் வேலைக்குக் கீழே மூன்றே வரிகள்: ‘அக்கவுண்ட்ஸ் மெயின்டெனன்ஸ், டேலி ஒர்க், ஜி.எஸ்.டி. நாலெட்ஜ்’. ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், போகிற போக்கில், ‘நான் சேர்ந்த அடுத்த மாசமே ஜி.எஸ்.டி. வந்துவிட்டது, வாட்டிலிருந்து கம்பெனி கணக்கை முழுக்க நான்தான் மாற்றினேன், பழைய ஸ்டாக்குக்கு டிரான்-1 போட்டதும் நான்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, 2017 ஜூலை 1-ம் தேதி நாடு முழுக்கக் கணக்கு எழுதுகிறவர்கள் எப்படித் திண்டாடினார்கள் என்று அந்தத் துறையில் இருந்த எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு சரக்குக்கும் அதன் வகையைக் குறிக்கும் ஹெச்.எஸ்.என். கோடு தேடி, பார்ட்டி ஒவ்வொருவரிடமும் ஜி.எஸ்.டி. நம்பர் வாங்கி, டேலியில் லெட்ஜர் எல்லாம் மாற்றி, டிரான்-1 ஃபாரம் வழியாகப் பழைய வரி கிரெடிட்டைக் கைவிடாமல் புதுக் கணக்குக்குக் கொண்டுவந்த ஒருவர், ரெஸ்யூமில் ‘ஜி.எஸ்.டி. நாலெட்ஜ்’ என்று இரண்டு சொல் எழுதுகிறார்! இந்த இடத்தில் உங்களைத் தள்ளியது மெஷின் இல்லை. நீங்கள் அதற்கு எதையும் கொடுக்கவே இல்லை.

செய்த வேலையை ஒரு நோட்டில் உங்கள் பேச்சிலேயே எழுதுங்கள். காலையில் ஆபீஸ் போனதும் என்ன, சாயங்காலம் கிளம்பும்போது என்ன, மாசம் 10-ம் தேதிக்குள் என்ன, 20-ம் தேதிக்குள் என்ன, மார்ச் கடைசியில் என்ன. அப்புறம் நீங்கள் ஆசைப்படுகிற வேலைக்கு வந்த விளம்பரங்கள் ஐந்தாறை எடுத்து, அவர்கள் அதே வேலையை எப்படிச் சொல்கிறார்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். நீங்கள் ‘பர்ச்சேஸ் பில் ஏற்றுவது’ என்பதை அவர்கள் அக்கவுண்ட்ஸ் பேயபிள், இன்வாய்ஸ் பிராசஸிங் என்பார்கள். பில்லையும் ஆர்டரையும் சரக்கு வந்த சீட்டையும் வைத்துச் சரிபார்த்தபின்தான் பில்லை ஏற்றுவேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு அங்கே ‘த்ரீ-வே மேட்ச்’ என்று பெயர். பெரிய கம்பெனிகள் விளம்பரத்தில் தனியாகக் கேட்கும் வேலை அது. பார்ட்டி பாலன்ஸ் ஒத்துப் பார்ப்பது வெண்டர் ரிகன்சிலியேஷன். யார் எத்தனை நாளாகப் பணம் தரவில்லை என்று முதலாளிக்கு லிஸ்ட் எடுத்துக் கொடுத்தது ஏஜிங் ரிப்போர்ட். பாஸ்புக்கையும் டேலியையும் ஒத்துப் பார்த்தது பேங்க் ரிகன்சிலியேஷன்.

இப்படி எழுதும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். சுருக்கத்தையும் விரிவையும் ஒரு தடவையாவது சேர்த்து எழுதிவிடுங்கள்: ‘ஏ.பி.’ என்று தேடுகிறவரும் உண்டு, ‘அக்கவுண்ட்ஸ் பேயபிள்’ என்று தேடுகிறவரும் உண்டு. டேலியிலும் அப்படித்தான். நீங்கள் சேர்ந்தபோது இருந்தது டேலி இ.ஆர்.பி. 9; 2020 கடைசியில் டேலி பிரைம் வந்தது. இரண்டிலும் வேலை பார்த்திருக்கிறீர்கள் என்றால் இரண்டையும் எழுதுங்கள். அடுத்தது, ஸ்கில் பட்டியலில் சொல்லைக் கொட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். எந்தக் கம்பெனியில், எவ்வளவு, எப்படிச் செய்தீர்கள் என்று வேலைக்குக் கீழே வாக்கியமாக வர வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு படிக்கப் போவது ஒரு மனுஷர். உங்கள் கடிதத்தில் சொன்ன கணக்கை வைத்தே ஒரு மாதிரி தருகிறேன், இதை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: ‘மாதம் சுமார் 400 பர்ச்சேஸ் இன்வாய்ஸ்களை ஆர்டரோடும் சரக்கு வரவோடும் சரிபார்த்து டேலியில் பதிவு செய்தேன். ஜி.எஸ்.டி.ஆர்-1, ஜி.எஸ்.டி.ஆர்-3பி மாதந்தோறும் தாக்கல் செய்தேன். 2017-ல் வாட்டிலிருந்து ஜி.எஸ்.டி.க்கு நிறுவனத்தின் கணக்கு மாற்றத்தைத் தனியாகச் செய்து முடித்தேன். டிரான்-1 தாக்கலும் இதில் அடக்கம்.’ இந்த நான்கு வாக்கியம், பழைய மூன்று வரி இருந்த அதே இடத்தில்தான் உட்காரும். எல்லா விளம்பரத்துக்கும் ஒரே ரெஸ்யூமை அனுப்பாமல், மேலே வரும் நாலு வரிச் சுருக்கத்தையும் வேலைகளின் வரிசையையும் மட்டும் அந்தந்த விளம்பரத்துக்கு ஏற்றபடி மாற்றுங்கள். செய்யாத வேலையை விளம்பரத்தில் இருக்கிறது என்பதற்காகச் சேர்க்கக் கூடாது.

இடைவெளி விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. 2021-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் ஆக்சென்ச்சரும் சேர்ந்து அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் எடுத்த ஆய்வில், ஆறு மாதத்துக்கு மேல் வேலையில் இல்லாதவர்களை ஏறக்குறைய பாதி நிறுவனங்கள் வடிகட்டிவிடுவது தெரியவந்தது. குழந்தையையும் முடியாத பெரியவரையும் பார்த்துக்கொண்டவர்களை இப்படி ஒதுக்குவது அநியாயம். அந்த ஆய்வு சொன்னதும் நல்ல ஆட்களை நிறுவனங்களே இழக்கின்றன என்பதைத்தான். நீங்கள் செய்யக்கூடியது, அந்த இடத்தை வெறுமையாக விடாமல் இருப்பது. ‘கேரியர் பிரேக், குடும்பப் பராமரிப்பு, ஏப்ரல் 2022 முதல்’ என்று வேலை அனுபவப் பகுதியிலேயே ஒரு பதிவாகப் போடுங்கள். லிங்க்ட்இன் 2022-ல் இதற்கென்றே தனி வசதி கொண்டுவந்தது.

அதோடு, நீங்கள் ‘அதைத் தவிர வேலை எதுவும் இல்லை’ என்று சொன்ன அந்த ஒரு வேலை இருக்கிறதே, அண்ணன் கடை ஜி.எஸ்.டி., அதுதான் இந்த ரெஸ்யூமுக்கு உயிர். மாசா மாசம் ரிட்டர்ன் போடுகிறீர்கள் என்றால் நீங்கள் துறையை விட்டுப் போகவே இல்லை. ‘பகுதி நேரம், சில்லறை ஹார்டுவேர் கடை, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல், இன்புட் டாக்ஸ் கிரெடிட் சரிபார்ப்பு’ என்று எந்த மாதத்திலிருந்து செய்கிறீர்களோ அந்தத் தேதியோடு எழுதுங்கள். சம்பளம் வாங்கவில்லை என்பதற்காக அது வேலை இல்லையென்று ஆகிவிடாது. முழு நேர வேலை மாதிரி மட்டும் காட்டாதீர்கள். 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது அந்தக் கடையின் பில்லிங்கையும் மாற்றிக் கொடுத்திருப்பீர்கள். அதையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம். நீங்கள் கம்பெனியை விட்டு வந்தபின் நடந்த வேறு சிலவற்றையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள், இன்டர்வியூவில் கேட்பார்கள். 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு கட்டாயமானது. 2023 ஆகஸ்ட் முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் போனாலே இ-இன்வாய்ஸ் வேண்டும்.

வெள்ளை எழுத்து யோசனையை மறந்துவிடுங்கள். சாஃப்ட்வேர் வெறும் எழுத்தை மட்டும் உருவும் என்று சொன்னேன் அல்லவா, அதில் நிறம் போய்விடும், அப்போது நீங்கள் ஒளித்து வைத்த சொற்கள் அத்தனையும் ஆள் எடுப்பவர் கண்முன் வரிசையாக வந்து நிற்கும். ஏமாற்றப் பார்த்தவர் என்ற பெயர்தான் மிஞ்சும். மூவாயிரம் ரூபாய்க்காரருக்கும் அதே பதில். ஏ.டி.எஸ். ஸ்கோர் என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஒன்று இல்லை. அவர் காட்டும் 100 அவர் வெப்சைட்டின் கணக்கு. நீங்கள் அப்ளை பண்ணும் கம்பெனி அதைப் பார்க்கவே போவதில்லை. மேலே சொன்ன வேலை அத்தனையும் வீட்டில் உட்கார்ந்து காசில்லாமல் செய்யக்கூடியது.

எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் மட்டும் பேச்சையே வைத்துக்கொள்ளாதீர்கள். பெரிய கம்பெனிகள் சேர்க்குமுன்போ சேர்த்தபின்போ பின்னணி சரிபார்ப்பு செய்யும். யூ.ஏ.என். என்ற பி.எஃப். நம்பரை வைத்து எந்தக் கம்பெனியில் எதுவரை பி.எஃப். கட்டினார்கள் என்று பார்க்கிறார்கள், சம்பளம் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கிறார்கள். பொய்ச் சர்டிபிகேட் என்று தெரிந்தால் கிடைத்த வேலையும் போகும். உண்மையாக உழைத்த ஏழு வருஷத்தையும் அது சந்தேகத்தில் தள்ளிவிடும்.

நௌக்ரியில் ரெஸ்யூமை ஏற்றினால் மட்டும் போதாது. ஆள் எடுப்பவர்கள் அங்கே ரெஸ்டெக்ஸ் என்ற தேடல் வழியாக வருகிறார்கள். அனுபவம், ஊர், சம்பளம், நோட்டீஸ், கடைசியாக எப்போது புரொஃபைல் பக்கம் வந்தார் என்று வடிகட்டிப் பார்க்கிறார்கள். உங்கள் ஹெட்லைனில் ‘வேலை தேடுகிறேன்’ என்று இருக்கிறது. ‘அக்கவுண்ட்ஸ் பேயபிள், ஜி.எஸ்.டி., டேலி பிரைம், 6 வருஷ அனுபவம், மதுரை, உடனே சேரலாம்’ என்று மாற்றுங்கள். வாரம் ஒரு முறையாவது உள்ளே போய் ஏதாவது ஒரு வரியைத் திருத்தி சேவ் பண்ணுங்கள்.

அப்புறம், சாஃப்ட்வேரையே நம்பியும் இருக்க வேண்டாம். இலந்தைகுளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் ஐ.டி. வளாகங்கள் இருக்கின்றன. உங்களோடு படித்தவர்கள் யாராவது அங்கே இருப்பார்கள். உள்ளே இருப்பவர் ‘ரெஃபரல்’ போட்டால் உங்கள் விண்ணப்பம் தனியாகக் கவனிக்கப்படும். கோ.புதூர் மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறார்கள், அங்கே கட்டணம் கிடையாது, நேரில் பேசலாம். சிம்மக்கல் ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அவருடைய கிளையன்ட் கம்பெனிகளில் யாருக்கு அக்கவுண்டன்ட் வேண்டும் என்பது நௌக்ரிக்குத் தெரியுமுன் அவருக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு வேலை, இதை இந்த வாரமே செய்துவிடுங்கள். கப்பலூரில் உங்களுக்கு பி.எஃப். பிடித்திருந்தால் பி.எஃப். அமைப்பான இ.பி.எஃப்.ஓ.வின் தளத்தில் யூ.ஏ.என். போட்டு உள்ளே போய் ‘சர்வீஸ் ஹிஸ்டரி’யைப் பாருங்கள். வேலையை விட்ட தேதி அங்கே பதிவாகியிருக்க வேண்டும். பல இடங்களில் அதை நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். காலியாக இருந்தால் நீங்களே அந்தத் தளத்தில் பதியலாம். ரெஸ்யூமில் போடும் தேதி அதோடு ஒத்துப்போகட்டும். அனுபவக் கடிதம் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய மேனேஜருக்குப் போன் பண்ணிவிட்டு, லெட்டர்ஹெட்டில் சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவி, பார்த்த வேலை நாலும் வருகிற மாதிரி ஒரு வரைவை நீங்களே டைப் பண்ணிக்கொண்டு நேரில் போங்கள். அக்கவுண்ட்ஸ் ஆபீஸ் நிலவரம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 20-ம் தேதி கழித்துப் போனால் உட்கார்ந்து கையெழுத்துப் போட அவருக்கும் நேரம் இருக்கும்.